பழைய பாலத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு: நகர்மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய பாலம் ஒன்றைத் தங்கள் பொறுப்பில் வைத்திருக்கும் நகர்மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பாலத்தின் அடியில் போய் நின்றால், மேலே இருந்து பார்க்கும்போது தெரியாதது தெரியும். மேலே சாலை காய்ந்திருக்கும். கீழே இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். தளமும் தளமும் சேரும் இடைவெளியில் வைத்த ரப்பர் கிழிந்து, அந்த வழியாகத் தண்ணீர் தூணின் தலையில் விழும். மழைநீர் வடிய வைத்த குழாயில் மண் அடைத்துப் புல் முளைத்திருக்கும். கான்கிரீட்டில் காவி நிறத்தில் ஒரு கறை வழிந்திருக்கும். அந்த இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால், நல்ல கான்கிரீட் போலக் கணீரென்று கேட்காது, பொத்தென்று கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்துப் பெயர்கிறது.

நிதி கேட்டு எழுதும் மடலை இந்தச் சொட்டும் தண்ணீரிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. பாலத்துக்குப் பணம் தேவை என்றதும் எல்லோர் மனதிலும் பெரிய தொகைதான் வருகிறது. புதிய பாலம், பெரிய மானியம், மேலிடத்துக்குக் கோரிக்கை. அது வரும்வரை காத்திருக்கிறோம். காத்திருக்கும் காலமெல்லாம் அந்தக் குழாய் அடைபட்டே கிடக்கிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே ஃபெர்ன் ஹாலோ என்ற பாலம் 2022 ஜனவரி 28 அன்று விடியும் முன் இடிந்து விழுந்தது. பேருந்து ஒன்றும் சில கார்களும் பாலத்தோடு கீழே போயின. உயிரிழப்பு இல்லை, சிலர் காயமடைந்தார்கள். அந்தப் பாலம் நகராட்சிக்குச் சொந்தமானது. ஆய்வு நடக்காமலும் இல்லை. ஆய்வாளர்கள் தொடர்ந்து வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். வடிகால் அடைபட்டுத் தண்ணீரும் குப்பையும் எஃகுக் கால்களில் தேங்குகின்றன, கால்கள் அரிக்கின்றன, சரிசெய்யுங்கள் என்று பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். யாரும் செய்யவில்லை. விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதைத்தான் காரணமாகச் சொன்னது. பாலம் விழுந்த பிறகு மத்திய அரசின் நிதி வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

விழுந்த பாலத்துக்கு ஓராண்டுக்குள் பணம் கிடைத்தது. நின்றுகொண்டிருந்த பாலத்தின் வடிகாலைச் சுத்தம் செய்ய அத்தனை ஆண்டுகளில் கிடைக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு மனம் வலிக்கிறது.

ஆய்வு தேவை என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1967 டிசம்பரில் ஒஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். ஒரே ஓர் இணைப்புத் தண்டில் இருந்த விரிசல்தான் காரணம். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் பாலங்களை முறையாக ஆய்வு செய்யும் தேசிய விதிகள் வந்தன. சரி, ஆய்வுக்கு விதி வந்துவிட்டது. ஆய்வறிக்கையில் எழுதிய வேலைக்கு எங்கிருந்து பணம் வரும்? அதற்குப் பெரும்பாலான ஊர்களில் பதில் இல்லை. என் மடலின் கோரிக்கை இந்த ஓர் இடத்தில்தான்.

உங்கள் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாலத்தின் பெயரிலேயே ஒரு தலைப்பு வையுங்கள். 'சாலைகள் மற்றும் இதர பணிகள்' என்பதற்குள் அதை ஒளித்துவைக்காதீர்கள். அங்கே போனால் குண்டும் குழியுமான தெருக்கள் எல்லாப் பணத்தையும் எடுத்துக்கொள்ளும். குழி எல்லோர் கண்ணிலும் படுகிறது, பாலத்தின் அடிப்பக்கம் படுவதில்லை. அந்தத் தலைப்பில் உள்ள பணத்தை வேறு செலவுக்கு மாற்றக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள். ஓர் ஆண்டில் செலவாகாமல் மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்கு அதே கணக்கில் சேரட்டும். ஒருநாள் தளத்துக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் தாங்கிகளை மாற்றவோ தூணடியைப் பலப்படுத்தவோ வேண்டியிருக்கும். அன்று அந்தச் சேமிப்பு கைகொடுக்கும்.

இது புதிய யோசனை இல்லை. லண்டன் பாலத்தைப் பராமரிக்க இடைக்காலத்திலேயே தனி நிதி இருந்தது. 1282-இல் அதற்கு அரச சாசனமும் கிடைத்தது. பாலத்தின் மேலே கட்டிய வீடுகளின் வாடகை, சுங்கம், மக்கள் எழுதிவைத்த சொத்து எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தன. அந்த அறக்கட்டளை இன்றும் தேம்ஸ் ஆற்றின் ஐந்து பாலங்களைத் தன் பணத்திலேயே பராமரிக்கிறது.

அதே லண்டனில் மேற்கே கொஞ்ச தூரத்தில் ஹாமர்ஸ்மித் பாலம் இருக்கிறது. 1887-இல் திறந்தது. வார்ப்பிரும்பு அடித்தாங்கிகளில் நுண்விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டு, 2019 ஏப்ரலில் வாகனங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கொஞ்ச காலம் நடந்துபோகக்கூட விடவில்லை. பழுதுபார்க்கும் செலவில் யார் பங்கு எவ்வளவு என்று உள்ளூர் மன்றமும் நகரப் போக்குவரத்து அமைப்பும் மத்திய அரசும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டேயிருந்தன. ஒரே நகரம், ஒரே ஆறு. ஒரு பக்கம் பாலத்துக்கென்று சொந்தக் கணக்கு இருந்தது, இன்னொரு பக்கம் இல்லை.

பணத்தை எப்படித் திரட்டுவது என்பதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறிய ஊரின் ஒரே பாலத்துக்குச் சுங்கம் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. வசூலிக்கும் செலவே பாதியை விழுங்கிவிடக்கூடும். வேறு வழி இல்லாதவர்தான் தினமும் கொடுக்க வேண்டியிருக்கும். கடன் வாங்கலாம், ஆனால் பெரிய வேலைக்கு மட்டும். முப்பது ஆண்டு உழைக்கப்போகும் பலப்படுத்தலின் செலவை முப்பது ஆண்டு பயன்படுத்துவோர் பகிர்ந்துகொள்வது நியாயம். குழாய் சுத்தம் செய்யக் கடன் வாங்குவது நியாயமில்லை. அது ஆண்டு வருமானத்திலிருந்தே போகவேண்டிய செலவு. மானியம் கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் கேட்கும் முறையே மாறவேண்டும்: புதிதாகக் கட்டத் தருவதுபோல் பராமரிக்கவும் தாருங்கள் என்று எல்லா ஊர் மன்றங்களும் சேர்ந்து கேட்டால்தான் மேலே இருப்பவர்கள் விதியை மாற்றுவார்கள்.

கான்கிரீட் பொறியாளர்களிடம் 'ஐந்தின் விதி' என்று ஒரு கணக்கு உண்டு. 1984-இல் டி சிட்டர் என்பவர் சொன்னது. கட்டும்போது ஒரு ரூபாயில் முடிகிற காரியம், துரு தொடங்கும் முன் பராமரிப்பாகச் செய்தால் ஐந்து ரூபாய், துரு தொடங்கிய பின் இருபத்தைந்து, எங்கும் பரவிய பின் நூற்றிருபத்தைந்து. துல்லியமான கணக்கு இல்லை, கைக்கணக்குதான். ஆனால் நிதி பற்றிய விவாதத்தில் 'இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று யாராவது சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள். வெள்ளம் தூணைச் சுற்றியுள்ள மண்ணை அரித்துக்கொண்டு போவதால் விழுந்த பாலங்கள் ஏராளம். 1987-இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேல் இருந்த பாலம் அப்படித்தான் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு முக்குளிப்பவரை இறக்கித் தூணடியைப் பார்க்கச் சொல்வதும் உங்கள் பாலக் கணக்கில் வரவேண்டிய செலவு.

கடைசியாக ஒன்று. ஆய்வறிக்கையை அலமாரியில் வைக்காமல் மக்கள் படிக்கும்படி வெளியிடுங்கள். எந்தக் குறை எந்த ஆண்டில் முதலில் எழுதப்பட்டது, இன்னும் ஏன் நிலுவையில் இருக்கிறது என்பது அதில் இருக்கட்டும். பாலத்துக்குக் கூடுதலாக வரி கேட்க நேர்ந்தாலும், அந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்டால் மக்கள் கொடுப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த நிதிநிலைக் கூட்டத்துக்கு முன் மழை பெய்தால், உறுப்பினர்கள் எல்லோரும் பொறியாளரை அழைத்துக்கொண்டு பாலத்தின் அடியில் இறங்குங்கள். ஒரு சுத்தியலும் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தினமும் ஒரு பழைய பாலத்தைக் கடக்கும் ஒருவர்