குடும்ப வன்முறையும் வேலையிடமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பணிந்து உள்ளகப் புகார்க் குழுவை அமைத்துவிட்ட நிறுவனங்கள்கூட, தம்மிடம் வேலை செய்யும் பெண் வீட்டில் அடிபட்டு வருவதை ‘அது அவர்கள் குடும்ப விவகாரம்’ என்று ஒதுக்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அப்படியானால், திருப்பூர் பனியன் கம்பெனிகளின் தையல் வரிசைகளிலும் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

காயம் கண்ணில் பட்டால்தான் தெரியும் என்பதில்லை. நேரம் தவறாதவர் அடிக்கடி தாமதமாக வருவதும், கணவரின் அழைப்பை எடுக்கத் தவறிவிடக் கூடாதே என்று உணவு வேளையிலும் போனைக் கையிலேயே வைத்திருப்பதும், ஓவர்டைம் என்றதும் பதறுவதும், ஏ.டி.எம். அட்டை கணவரிடம் இருப்பதால் சம்பளம் ஏறிய மறுநாளே பேருந்துக்குக் கடன் கேட்பதும் அறிகுறிகளே. பணத்தைப் பறித்துக்கொள்வதையும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறையாகவே கருதுகிறது. மேற்பார்வையாளர்களோ இவற்றை ஒழுங்கீனம் என்று கணக்கில் வைத்து மெமோ கொடுக்கிறார்கள்.

அதைவிட ஆபத்தானது, நல்லெண்ணத்தோடு கணவரை அலுவலகத்திற்கு வரவழைத்துப் பஞ்சாயத்துப் பேசுவது. மனைவி வெளியில் சொல்லிவிட்டார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், அன்றிரவு அடி கூடும். மறுநாள் முதல் அந்தப் பெண் வேலைக்கே வராமல் போகலாம். அவரைத் தனியே அழைத்து, ஒரு பெண் அலுவலர் நிதானமாகக் கேட்பதும், அவர் விரும்பினால் பெண்களுக்கான 181 உதவி எண்ணுக்கோ, இதற்கென அரசு நியமித்துள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்கோ தகவல் சேர்ப்பதும்தான் சரியான வழி. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது எந்தச் சட்டப் பொறுப்பும் சாராது என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்வதால், நிர்வாகம் தயங்க வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, அந்தப் பெண் வேலை செய்யும் இடத்திற்குள் கணவர் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். ஆனால், வாசலில் நிற்கும் காவலாளிக்கு அதைச் சொல்லி வைக்காவிட்டால் உத்தரவால் என்ன பயன்? தொழிலாளர் நல அலுவலர்களுக்கான பயிற்சியில் இவற்றையெல்லாம் தொழிலாளர் துறை சேர்க்க வேண்டும். நியூசிலாந்தில் 2019 முதல் குடும்ப வன்முறைக்கு ஆளான தொழிலாளர்களுக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இங்கே, நீதிமன்றம் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பதிலிருந்தாவது தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்