பிச்சாவரம்னா படகு மட்டும்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை பிச்சாவரம் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, படகு ரேட்டு, எம்ஜிஆர் ஷூட்டிங், சுனாமி சமயத்துல காடு காப்பாத்துனது எல்லாம் இருந்துச்சு, ஆனா அந்த அலையாத்திக் காட்டுல நிக்கற கலப்பு சுரபுன்னை மரம் பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதுறேன்.

இங்க சுரபுன்னையில அபிகுலேட்டா, முக்ரொனேட்டான்னு ரெண்டு ஜாதி உண்டு. அபிகுலேட்டாவுல குட்டையான தடிச்ச காம்புல ரெண்டே பூ, இதழ்ல ரோமம் இருக்காது. முக்ரொனேட்டாவுல காம்பு நீளம், பூ அதிகம், இதழ் ஓரம் பூரா ரோமம். இது ரெண்டுலயும் சேராம நடுவுல ஒரு மரம் நிக்குது, ரெண்டையும் விட உயரமாவே வளருது. 80கள்ல இத லமார்க்கின்னு எழுதி வச்சாங்க, அதாவது அபிகுலேட்டாவும் ஸ்டைலோசாங்கற இன்னொரு சுரபுன்னை ஜாதியும் சேந்த கலப்புன்னு. ஆனா ஸ்டைலோசா பிச்சாவரத்துலயே கிடையாதே, இல்லாத மரம் எப்படிங்க பெத்தவங்கள்ல ஒண்ணா இருக்கும்?

1995ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துல இருந்த பேராசிரியர் கதிரேசன் இதுக்கு ரைசோஃபோரா அண்ணாமலயானான்னு பேர் வச்சார், தனி இனம்னுதான் மொதல்ல சொன்னார். 1997ல சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துல டிஎன்ஏ எடுத்து ஒப்பிட்டாங்க, அபிகுலேட்டாவுல மட்டும் இருக்கற அடையாளமும் முக்ரொனேட்டாவுல மட்டும் இருக்கற அடையாளமும் இந்த ஒரே மரத்துல சேந்து கிடைச்சுது, அதோட பெத்தவங்க யாருன்னு தெரிஞ்சு போச்சு. 1999ல கலப்பினம்னே முறைப்படி பதிவாச்சு. பிற்பாடு அந்தமான்லயும் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க.

இதுல கவலைப்பட வேண்டியது ஒண்ணு இருக்கு. சுரபுன்னை விதை மரத்துலயே முளைச்சு முருங்கைக்காய் மாதிரி தொங்கும், அத எடுத்துதான் வாய்க்கா வெட்டி நடுறாங்க. கலப்பு மரத்துல மகரந்தம் பெரும்பாலும் மலடு, காய் பிடிக்கறதே அபூர்வம். அதனால எத்தன ஆயிரம் கன்னு நட்டாலும் அதுல இது அனேகமா இருக்காது, ஒரு மரம் போச்சுன்னா அந்த ரெண்டு ஜாதியும் தானா சேந்து மறுபடி ஒண்ணு முளைச்சாத்தான் உண்டு. ஆனா வர்றவங்க கிளைய இழுத்துப் புடிச்சு செல்ஃபி எடுக்கறாங்க, கேக்க ஆள் இல்ல.

வனத்துறை அந்த மரங்கள கணக்கெடுத்து, படகு போற வழியில இருக்கறதுக்கு மட்டுமாவது ஒரு போர்டு வைக்கணும், படகு ஓட்டுற அண்ணன்மாருக்கும் அடையாளம் காட்டித் தரணும். நீங்களும் அடுத்த தடவ நிருபர அனுப்பும்போது பூக்கற சமயமா பாத்து அனுப்புங்க சார், மூணு பூவையும் பக்கத்துல பக்கத்துல போட்டோ போட்டா பள்ளிக்கூடப் பசங்களே பிரிச்சு சொல்லிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிள்ளை, கடலூர் மாவட்டம்