வலை பிடித்தவளுக்கும் அந்த மீனில் பாதி

கேட்டி, டெக்சாஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ பேசியதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. "இனிமேல் அவளோடு ஒரே படகில் ஏற மாட்டேன்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். நான் அப்போது பதில் பேசாததற்குக் காரணம் உண்டு. பேசியிருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பேன். மகள் அழும்போது அப்பனுக்கு நியாயம் எங்கே தெரியும்? அதனால்தான் ஒரு நாள் ஆறப் போட்டு எழுதுகிறேன். பத்து வயது வரை கோயம்புத்தூரில் படித்தவள், எழுத்து மறந்திருக்காது. மெதுவாகப் படி.

கல்லூரி மீன்பிடிப் போட்டியில் உன்னோடு ஜோடியாக வந்த பெண்ணைப் பற்றி நீ சொன்னதில் மூன்று குறை இருந்தது. படகு அவளுடையது என்பதால் நாள் முழுக்க அவளே முன் மேடையில் நின்றாள். காலையில் நீ பிடித்த ஒரு மீனை அளந்து பார்த்து, கால் அங்குலம் குறைகிறது என்று ஏரியில் விட்டுவிட்டாள். கடைசியில், நாலு பவுண்டு மீன் படகோரம் வந்தபோது வலையோடு வரத் தாமதித்தாள், மீன் போய்விட்டது. படகுக்கு ஐந்து மீன் என்ற கணக்கில் நாலோடு எடை மேடைக்குப் போக வேண்டியதாயிற்று.

முதலில் அந்தக் கால் அங்குலத்தைப் பற்றிப் பேசுவோம். இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனதே அங்கேதான்.

சாம் ரேபர்ன் ஏரியில் நீங்கள் பிடிக்கும் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்குக் குறைந்தது 14 அங்குலம் என்பது போட்டிக்காரர்கள் வைத்த விதி மட்டும் அல்ல, மாநிலச் சட்டம். வாயை மூடி, மூக்கைப் பலகையில் முட்டவைத்து, வாலைச் சேர்த்துப் பிடித்து அளந்தும் கோட்டைத் தொடவில்லை என்றால் அது போட்டி மீன் கிடையாது. சுற்றிலும் மைல் கணக்கில் தண்ணீர், உங்கள் இருவரைத் தவிர ஒரு கண் கிடையாது. அந்த இடத்தில் அவள் அதை விட்டாள். 2022 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் நடந்தது நினைவிருக்கிறதா? அது வால்ஐ மீன் போட்டி. ஜெயித்த ஜோடியின் மீனை எடை மேடையிலேயே கிழித்துப் பார்த்தால் வயிற்றுக்குள் ஈயக் குண்டுகள். இரண்டு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த வருஷம் சிறைக்கும் போனார்கள். நீயும் நானும் அந்த வீடியோவைச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு படகில் ஒருவன் தப்பு செய்தால் மற்றவன் தடுக்கலாம். அங்கே தடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. உன் படகில் இருக்கிறாள்.

இந்த பாஸ் போட்டிகளின் ஆரம்பமே அப்படித்தான். ரே ஸ்காட் என்று அலபாமாவில் ஓர் இன்சூரன்ஸ் விற்பனையாளர். 1967 ஜூனில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் தன் முதல் போட்டியை நடத்தினார். ஆளுக்கு 100 டாலர் கட்டணம், 106 பேர் வந்தார்கள். அவர் கொண்டுவந்த குலுக்கல் முறையில் முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே படகில் போட்டார்கள். ஒருவனுக்கு மற்றவனே சாட்சி. அப்படிச் சேர்ந்தவர்கள் முன் மேடையை ஆளுக்குப் பாதி நாள் என்று பிரித்துக்கொள்வதும் வழக்கமாக இருந்தது.

முன் மேடை விஷயத்தில் உன் கோபம் நியாயம்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. படகை மெல்ல நகர்த்துகிற டிரோலிங் மோட்டார் யார் காலடியில் இருக்கிறதோ, அன்றைக்குப் படகு அவர்களுடையது. முழுகி நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் முதல் வீச்சு அவர்களுக்கு. பின்னால் நிற்பவருக்கு, ஏற்கெனவே ஒருமுறை கலங்கிய தண்ணீர். எட்டு வருஷம் போட் அங்கிளின் படகில் அந்தப் பின் மேடையில் நின்றவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் பின் மேடையில் நிற்கவும் ஒரு கலை இருக்கிறது. அவர் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன்: முன்னால் நிற்பவர் எதை எறிகிறாரோ அதை நீ எறியாதே. அவள் ஸ்பின்னர்பெய்ட்டை, அந்தத் தகடு சுழலும் செயற்கை இரையை, வேகமாக இழுத்துக்கொண்டு போகிறாளா, நீ அதே இடத்தில் ரப்பர் புழுவைப் போட்டு, அடியில் உட்காரவிட்டு, நத்தை மாதிரி இழு. வேகத்துக்கு வராத மீன் நிதானத்துக்கு வரும். இரண்டு பேரும் ஒரே இரையை எறிந்தால் ஒரு படகில் ஒரு ஆள் வீண்.

அவளிடம் கேட்டாயா? "மத்தியானத்துக்கு மேல் நான் முன்னால் வரட்டுமா" என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை? கேட்டும் அவள் மறுத்திருந்தால் அது வேறு கதை. நீ கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டில் யாருக்குமே கேட்கிற பழக்கம் கிடையாது, மனசுக்குள் வைத்துப் புழுங்குவோம். படகில் அது ஆகாது. இருபது அடி இடத்தில் எட்டு மணி நேரம்.

சரி, இப்போது மீனுக்கு வருகிறேன். நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

போட் அங்கிளோடு நான் போன இரண்டாவது வருஷம். பிப்ரவரி மாதம், அதே சாம் ரேபர்ன். காலையில் பனிமூட்டம், புறப்படவே ஒரு மணி நேரம் தாமதம். பதினோரு மணிக்கு எங்கள் லைவ்வெல்லில், மீனை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டியில், நாலு மீன் இருந்தது, எல்லாம் நடுத்தரம். ஹைட்ரில்லாப் பாசி ஓரமாக அவர் கிராங்க்பெய்ட் என்ற செயற்கை இரையை இழுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று கம்பு வளைந்து நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு மட்டும் மாறியது. மேலே வந்து தலையை ஆட்டியபோது பார்த்தேன், ஏழு பவுண்டுக்குக் குறையாது. வாய் அவ்வளவு பெரியது. என் கையில் வலை. ஊரில் குளத்தில் தக்கையும் மண்புழுவும் போட்டுக் கெண்டை பிடித்தவனுக்கு வலை போட்டு மீன் எடுக்கிற நிதானம் எங்கே இருக்கும்? தலைப் பக்கம் வலையை முழுக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும், மீனே உள்ளே வரும். நான் வால் பக்கமாக வீசினேன். இரையின் பின்முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. மீன் வலைக்கு வெளியே தொங்கியது. ஒரே உதறல். தங்கூசி நரம்பு தளர்ந்தது, தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்தது, அவ்வளவுதான்.

எனக்கு முகத்தை நிமிர்த்தவே முடியவில்லை. அவர் டிரோலிங் மோட்டாரை நிறுத்தினார். உட்கார்ந்தார். பிளாஸ்கைத் திறந்து மூடியில் காப்பியை ஊற்றி, முதலில் எனக்கு நீட்டினார். அதைக் குடித்து முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை. அப்புறம் எழுந்து, வலைக்கண்ணில் சிக்கியிருந்த முள்ளைப் பொறுமையாக எடுத்து, முடிச்சைப் புதிதாகப் போட்டு, மறுபடி எறிய ஆரம்பித்தார்.

மாலையில் எடை மேடையில் ஒருவர் "என்னாச்சு, நாலுதானா" என்று கேட்டார். நான் நின்ற இடத்திலேயே உறைந்துபோனேன். அவர் சொன்னார்: "படகோரம் வந்த ஒன்றை விட்டுவிட்டோம்." நான் விட்டேன் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நாங்கள் என்பதற்கும் நாம் என்பதற்கும் ஒரே சொல்தான். கேட்டவருக்கு அது 'நாங்கள்'. பக்கத்தில் நின்ற எனக்கு அது 'நாம்' என்றுதான் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வேறு மாதிரி பேசி நான் கேட்டதே இல்லை.

அவர் அன்றைக்கு என்னைத் திட்டியிருந்தால் மறுவாரம் நான் போயிருக்க மாட்டேன். அந்த எட்டு வருஷம் எனக்குக் கிடைத்திருக்காது. புது தேசத்தில் ஆபீசைத் தாண்டி எனக்கென்று ஒரு மனிதர் இருந்தார் என்றால் அவர்தான், உனக்கே தெரியும்.

உன் ஜோடிப் பெண் தாமதமாக வந்தாள் என்கிறாய். நீ "வலை" என்று கூப்பிட்டது எப்போது? மீன் கண்ணுக்குத் தெரிந்த பிறகா, மாட்டின உடனேவா? வலை எங்கே கிடந்தது? அவள் கையில் அப்போது கம்பு இருந்ததா, நரம்பு வெளியே இருந்ததா? முன்னே பிடித்த மீனுக்குப் பிறகு முடிச்சை அறுத்துப் புதிதாகக் கட்டினாயா? உன்னைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. இதெல்லாம் முதல் நாள் ராத்திரியே இருவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம். வலை எந்தப் பக்கம் கிடக்கும், யார் எப்போது கம்பைக் கீழே போடுவது, லைவ்வெல் தண்ணீரை யார் பார்த்துக்கொள்வது, எத்தனை மணிக்குக் கரை திரும்புவது. கடைசிச் சங்கதி முக்கியம். பெரிய போட்டிகளில் ஒரு நிமிஷத் தாமதத்துக்கு ஒரு பவுண்டு போய்விடும், பதினைந்து நிமிஷம் தாண்டினால் அன்றைய எடையே கிடையாது. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் கயிறு அவர் மேல் மாட்டியிருக்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். இதில் மட்டும் வெட்கம் பார்க்காதே, அவள் மறந்தால் நீ கையைப் பிடித்து மாட்டிவிடு.

2017 மார்ச்சில் ஹூஸ்டன் மினிட் மெய்ட் பார்க்குக்கு உன்னைக் கூட்டிப்போனேனே, பேஸ்பால் மைதானத்துக்குள் படகுகளை வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள், நீ எழுந்து நின்று கத்தினாய். அன்றைக்கு கான்ரோ ஏரியில் பிடித்து பாஸ் மீன் பிடிப்பவர்களின் பெரிய போட்டியான கிளாசிக்கின் கோப்பையைத் தூக்கினவர் ஜோர்டன் லீ. கடைசி நாள் காலையில் பதினைந்தாவது இடத்தில் இருந்தவர். அவரும் அண்ணன் மேட்டும் ஆபர்ன் பல்கலைக்கழக அணியில் இருந்தவர்கள். கல்லூரிப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஜோடிகளைப் பிரித்துவிடுவார்கள், ஆளுக்கு ஒரு படகு, நேற்று வரை கூட நின்றவரே எதிராளி. 2012-இல் அண்ணனும் தம்பியும் அப்படி எதிரெதிரே நின்றார்கள், அண்ணன் ஜெயித்தார். அடுத்த வருஷம் அந்தச் சுற்றில் தம்பிக்கு கிளாசிக்கில் இடம் கிடைத்தது. உனக்கும் அந்த நாள் வரலாம். அது வரும் வரை ஐந்து மீன் படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல.

இன்னொரு மனிதரை நான் அடிக்கடி நினைப்பேன். 1932 ஜூன் 2, ஜார்ஜியாவில் மாண்ட்கமரி ஏரி. ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் மீன் பிடித்தார். அந்த எடையைத் தொட 2009 வரை, ஜப்பானின் பீவா ஏரியில் ஒருவர் பிடிக்கும் வரை, ஆள் இல்லை. பெர்ரியின் படகில் கூட இருந்தவர் ஜாக் பேஜ். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பு, மாற்றி மாற்றி எறிந்தார்கள் என்று சொல்வார்கள். அந்த நேரம் பெர்ரியின் முறை. மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். உலகம் முழுக்க மீன் பிடிப்பவர்களுக்கு பெர்ரியைத் தெரியும். முறை வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்த அந்த பேஜைத்தான் எனக்குப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

இந்த சீசன் முடியும்வரை அவளோடு போ. முடிந்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் நேரில் சொல்லி, கை கொடுத்துப் பிரி. போனில் செய்தி அனுப்பிப் பிரியாதே. படகு அவளுடையது என்றால் பெட்ரோலில் உன் பங்கை அவள் கேட்கும் முன் கொடு. இறக்கி ஏற்றும்போது கூட நின்று கழுவு. மீன் உன் கையில் மாட்டினாலும் படம் எடுக்கும்போது அவளையும் ஒரு மீனைப் பிடிக்கச் சொல்.

அவள் ஏதாவது வேண்டாம் என்றால் காரணம் கேட்டு வாதாடாதே. நான் போட் அங்கிளோடு போன முதல் நாள் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள். அவர் பார்த்துவிட்டு, அதை வண்டியிலேயே வைத்துவிடச் சொன்னார். படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் வராதாம். நமக்கோ வாழைப்பழம் இல்லாமல் எந்த நல்ல காரியமும் கிடையாது. வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அம்மா கட்டின புளியோதரையில் பாதிக்கு மேல் அவர்தான் சாப்பிட்டார்.

முட்டி வலியால் அவர் படகை விற்றபோது எனக்கென்று ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தார். அந்த பிப்ரவரிக்கு அடுத்த வாரம் வாங்கின ரப்பர் வலை, அதில் முள் மாட்டாது. கராஜில் உன் சைக்கிளுக்குப் பின்னால் தொங்குகிறது. வரும் சனிக்கிழமை நாக்டோச்சஸ் பக்கம் வருகிறேன், வலையையும் கொண்டு வருகிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குக் காரம் ஆகுமா என்று கேட்டுச் சொல், அம்மா இரண்டு டப்பாவாகக் கட்டித் தருவாள்.

அன்புடன்
அப்பா