நம் கடைத்தெரு சங்கத்தின் 2025 ஆண்டறிக்கை (செயலாளர் வாசித்தது)

தலைவர் அவர்களுக்கும், பெரியவர்களுக்கும், கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன மாதம் கூட்டிய பொதுக்குழு, போதிய ஆள் வராமல் (கோரம் இல்லாமல்) கலைந்தது. இன்றும் பாதி நாற்காலி காலியாக இருக்கிறது. வராதவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால் இந்த அறிக்கையை முழுசாக எழுதி வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் கொடி ஏற்றினோம். கண் சிகிச்சை முகாம் ஒன்று நடந்தது. மே 5 வணிகர் தினத்துக்குக் கடை அடைத்து ஒரு வேனில் போய் வந்தோம். ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஆயுத பூஜைக்குத் தெரு முழுக்க மாவிலையும் விளக்கும் கட்டினோம். செயற்குழு ஆறு முறை கூடியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நம் ஊரில் எத்தனை புது ஓட்டல், எத்தனை புது ஷோரூம் என்று நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 1866-லிருந்து நகராட்சியாக இருந்த கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆனது. அதிலிருந்து ஊர் வெளிப்பக்கமாகத்தான் வளர்கிறது. புறவழிச்சாலையில் பிரியாணிக் கடை, அரபு மந்திச் சோறு, கிரில், கார் நிறுத்த இடத்தோடு உயர்தர சைவம், நாலு மாடி ஜவுளி, வீட்டு உபயோகப் பொருள் ஷோரூம் எல்லாம் வந்துவிட்டன. ஜூலை 26-ல் சேத்தியாத்தோப்பு சோழபுரம் நாலுவழிச் சாலை, 50 கிலோமீட்டர், திறப்பு விழா கண்டது. அணைக்கரை, திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள்தான் நம் தெருவுக்கு ஆதாரம். அவர்களுக்கு இப்போது காரில் வருவது சுலபம், ஆனால் அதே காரில் ஊருக்குள் நுழையாமல் தஞ்சாவூர் போய்விடுவதும் அதே அளவு சுலபம். வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் தம்பி மகனே புறவழிச்சாலையில் ஒரு பேக்கரியில்தான் வேலை பார்க்கிறான். அந்த வளர்ச்சியில் பெரிய தெருவுக்கும் அதை ஒட்டிய நம் சந்துகளுக்கும் என்ன பங்கு என்பதுதான் என் கவலை. 1904-ல் இந்த ஊரில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இன்றும் பதிவு அலுவலகத்தைப் பெரிய தெருவிலேயே வைத்திருக்கிறது. அந்தத் தெருவில் ராத்திரி எட்டரைக்கு நாம் ஷட்டரை இறக்கிவிடுகிறோம்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஜவுளிக்கு வரும் குடும்பம் சாப்பிடாமல் ஊர் திரும்பாது. காலையில் பாத்திரக்கடை, அப்புறம் புடவை, மதியம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் மேட்சிங், வளையல், பூ, கடைசியில் ஒரு காபி என்பதுதான் நமக்குத் தெரிந்த வரிசை. நம் தெருவின் பழைய டிபன் கடைகள் காலை பத்தரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு மூன்று மணிக்குமேல்தான் மறுபடி திறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு ஊற்றும் கடப்பா ஒன்பதரைக்கே தீர்ந்துவிடும். ஆக, பசிக்கிற நேரத்தில் குடும்பம் ஆட்டோ பிடித்து வெளியே போகிறது, சாப்பிட்ட இடத்துக்கு எதிரிலேயே மீதியையும் வாங்கிவிடுகிறது. சாப்பாடு போன பக்கம் வியாபாரமும் போகிறது. அதனால்தான் ஓட்டல்காரர்களும் ஜவுளிக்காரர்களும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன். இந்த வருஷம் நம் எல்லைக்குள் திறந்த சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் விண்ணப்பம் கொடுத்தேன். இரண்டு பேர் சேர்ந்தார்கள். மற்றவர்கள் "யோசிச்சுச் சொல்றோம்க்கா" என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள் போலிருக்கிறது.

இப்போது நம் சந்துக் கழிப்பறை விஷயம். இதைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச் 12, மாசி மகம். மகாமகக் குளத்தில் குளித்துவிட்டு, கும்பேஸ்வரன் கோயிலுக்கும் போய்விட்டு ஒரு அம்மாவும் கல்யாணப் பெண்ணும் என் மேட்சிங் கடைக்கு வந்தார்கள். பதினாலு புடவை, எல்லாவற்றுக்கும் ரவிக்கைத் துணி, ஃபால்ஸ், லைனிங். ஐந்தாவது புடவையை மேசையில் விரித்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் அம்மா காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா என்னிடம் மெதுவாக, "இங்க பக்கத்துல எங்கயாவது பாத்ரூம் இருக்காம்மா?" என்று கேட்டார்கள். என் கடையில் கிடையாது. எதிர்க் கடையில் இருக்கிறது, ஆனால் அது மாடியில் குடோனுக்குள். பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டால்தான் விடுவார்கள். "சரிடி, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று அந்த அம்மா புடவைகளை மடித்துப் பையில் வைத்தார்கள். ஐந்துக்குப் பணம் கொடுத்தார்கள். ஒன்பது புடவை பையோடு போனது. அடுத்த வாரம் ஃபால்ஸ் மாற்ற வந்தபோது அந்தப் பெண்ணே சொன்னாள், மீதி எல்லாம் பைபாஸ் கடையில் எடுத்தோம், அங்கே லிஃப்ட், உட்கார சோபா, பாத்ரூம் எல்லாம் இருக்கு ஆன்ட்டி என்று. விலை குறைவு என்று அவள் சொல்லவில்லை. ரகம் நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை.

வாடிக்கையாளரை விடுங்கள். நம் கடைகளில் நிற்கும் பெண்கள் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், எதற்கென்று நமக்குத் தெரியும். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். ஸ்டூல் போட்டோம், சந்தோஷம். அதற்கு அடுத்த தேவையையும் நாம் பார்க்க வேண்டாமா?

நம் ஊர் பழைய வீடுகள் வாசல் ஒரு தெருவிலும் கொல்லை அடுத்த தெருவிலுமாக நீளமாக இருக்கும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தன் கொல்லையில் ஒரு ஓரத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார். சந்துப் பக்கமாகச் சுவரை உடைத்து வாசல் வைத்தோம். பெண்களுக்கு இரண்டு அறை, ஆண்களுக்கு ஒன்று, வெளியே கைகழுவும் தொட்டி, மேலே ஆயிரம் லிட்டர் டேங்க். மூன்று மாதம் தினமும் கடை திறக்கும் முன் ஏழு மணிக்கு நான் அங்கே நின்றிருக்கிறேன். பெண்கள் அறையில் பையும் புடவையும் மாட்ட உயரத்தில் கொக்கி வேண்டும் என்று சொல்லி, பூசிய சுவரை மறுபடி குடையச் சொன்னபோது கொத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட்டார், திரும்ப அழைத்து வந்தேன். ஆவணியில் திறந்தோம். தீபாவளி வாரத்தில் வெளியே பெண்கள் வரிசை நின்றதைப் பார்த்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள்.

இதற்குச் சங்கப் பணத்தைச் செலவழித்தேன் என்பதுதான் புகார். பெரும்பகுதி நன்கொடை, சங்க நிதியிலிருந்து எடுத்தது குறைந்த பங்கு, அதுவும் செயற்குழுத் தீர்மானத்தோடு. அந்தக் கூட்டத்துக்கு வராதவர்கள்தான் "எங்களைக் கேட்கவே இல்லை" என்கிறார்கள். கூட்ட அறிவிப்பு நான்கு நாள் முன்பே குழுவில் போட்டேன், நீல டிக் விழுந்திருக்கிறது.

கட்டியதைவிட நடத்துவதுதான் பாடு. சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து கடை என்று முறை வைத்து, அந்த வாரம் மோட்டார் போடுவதும், பினாயில் வாங்குவதும், இரவு பூட்டுவதும் அவர்கள் பொறுப்பு என்று பேசினோம். முதல் மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள் மதியம் டேங்க் காலி. ஒரு வயதான அம்மா வெளியே வந்து, "தண்ணி இல்லாம எதுக்கும்மா திறந்து வச்சிருக்கீங்க" என்று என்னைக் கேட்டார்கள். அந்த வார முறைக்காரர்கள் யாரும் போன் எடுக்கவில்லை. என் கடைப் பையனும் நானும் குடத்தில் சுமந்து ஊற்றினோம். அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

சந்தா மாதம் நூறு ரூபாய். ஒரு குடும்பம் ஒரு வேளை காபி குடித்தால் ஆகிற பணம். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் ஆறு மாதமாகக் கட்டவில்லை. சிலர் இரண்டு வருஷம் பாக்கி. பெயரைப் படிக்கப் போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. வியாபாரம் டல் என்று ஒரு அண்ணன் சொன்னார். டல்தான், எனக்கும் அப்படித்தான். அதனால்தானே சங்கம்?

செப்டம்பர் 22 முதல் வந்த ஜிஎஸ்டி மாற்றத்துக்கு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தோம். பாத்திரத்துக்கு 12 சதவீதம் 5 ஆனது, பித்தளைக்காரர்களுக்குத் தீபாவளி நேரத்தில் கை கொடுத்தது. ஆயத்த ஆடையில் 2500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. நெய், வெண்ணெய்க்கு வரி குறைந்தது, ஆனால் ஓட்டல் பில்லில் 5 சதவீதம் அப்படியே இருப்பதால் ஏன் குறைக்கவில்லை என்று வாடிக்கையாளர் கேட்கிறார்கள். சரக்கு வாங்கும்போது நாம் கட்டும் வரியை (உள்ளீட்டு வரி) ஓட்டல் கணக்கில் கழிக்க முடியாது என்பதைக் கல்லாவில் இருப்பவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வந்த ஆடிட்டர் கட்டணம் வாங்கவில்லை. கேட்க வந்தவர்கள் பதினொரு பேர்.

பழைய வீடுகளில் ஓட்டல் வைக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடையில் சிலிண்டரை வரிசையாக வைத்து, அதற்குப் பக்கத்திலேயே ஒரே வாசல் என்று சில இடங்களில் பார்த்தேன். 2004 ஜூலை 16-ல் 94 பள்ளிக் குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த ஊர் இது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் கடை கடையாகப் போய்த் தீயணைப்பான்களைப் பார்த்தோம். பல இடங்களில் அதன் மீட்டர் முள் பச்சையை விட்டுச் சிவப்பில் கிடந்தது, ஒரு இடத்தில் அதன் கழுத்தில் பூமாலை மாட்டியிருந்தார்கள். ரீஃபில் செய்ய ஆளை நானே அழைத்து வந்தேன். செய்துகொண்டவர்களுக்கு நன்றி, மீதிப் பேர் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஏப்ரலில் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. டிகிரி காபி என்று நம் ஊர்ப் பெயரை ஊரெல்லாம் நெடுஞ்சாலையில் எழுதி வைத்து வியாபாரம் செய்கிறார்கள். நம் ஓட்டல்களில் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கொழுந்து வெற்றிலையும் சீவலும் ஒரு தட்டில் வைத்து, இது நம் காவிரிக் கரை வெற்றிலை என்று சொல்லிக் கொடுத்தால் என்ன? இரண்டு கடைகளில் ஆரம்பித்திருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து வந்தது கட்டடத்துக்கும் விழாக்களுக்கும் போக, சிறிய தொகை கையிருப்பு. வரவேண்டிய சந்தா பாக்கி அதைவிடப் பெரியது. ரசீதுகள் எல்லாம் கோப்பில் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இடம் கொடுத்த மூத்தவருக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும், இந்த மண்டபத்தை வாடகை குறைத்துக் கொடுத்தவர்களுக்கும், மைக் செட் தம்பிக்கும் நன்றி. சுத்தம் செய்யும் அம்மாவுக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தோம், அவருக்கும் நன்றி.

அடுத்த வருஷத்தைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 2016-க்குப் பிறகு 2028-ல் மகாமகம் வருகிறது. கையில் இரண்டு வருஷம்தான். கூட்டம் நம் தெருக்கள் வழியாகத்தான் நடக்கப் போகிறது. அதற்குள் ராத்திரி ஒன்பதரை வரை கடை திறந்திருக்க ஒரு பொது முடிவு, டிபன் கடைகள் மதியமும் அடுப்பு எரிக்க ஒரு ஏற்பாடு, சரக்கு வண்டிகள் காலை பத்துக்குள் இறக்கிவிட்டுப் போக ஒரு கட்டுப்பாடு, இந்த மூன்றையும் செய்யலாம் என்பது என் எண்ணம். பத்து அல்லது அதற்கு மேல் ஆள் வைத்திருக்கும் கடைகளை 24 மணி நேரமும் திறக்க அரசு அனுமதித்திருக்கிறது, அதை இந்த வருஷம் நீட்டித்தும் இருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம், கூடுதலாக ஒரு மணி நேரம் போதும்.

செயலாளர் பொறுப்பில் எனக்கு இது மூன்றாவது வருஷம். வீட்டில் போதும் என்கிறார்கள், முழங்காலும் அதையேதான் சொல்கிறது. வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளை மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் இருப்பேன், ஆனால் தனியாக என்னால் முடியாது.

கழிப்பறைச் சாவி மூன்று செட் இருக்கிறது. மூன்றும் இப்போது என் கல்லாப்பெட்டியில்தான். சந்து முனைக் கடைகளில் ஒருவர், ஓட்டல்காரர்களில் ஒருவர் ஆளுக்கு ஒரு செட் வாங்கிக்கொண்டால் தை முதல் முறைப் பட்டியலைப் புதுசாகப் போடலாம். பொங்கலுக்கு முன் கடைக்கு வந்து சொல்லுங்கள், ராத்திரி எட்டரை வரை இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்