சிறுவனோடு வளரும் நடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் பாடமாகப் படித்து, தேர்வு முடிந்ததும் மூடி வைத்த ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்’ நாவலை முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்தேன். 1916-ல் நூலாக வெளிவந்த இதை, வீட்டையும் மதத்தையும் நாட்டையும் உதறிக் கிளம்பும் இளைஞனின் கலகக் கதையாக மட்டுமே அன்று எண்ணியிருந்தேன். இம்முறை அதன் நடைதான் என்னைக் கட்டிப்போட்டது.

நாவலின் நாயகன் ஸ்டீபன் டெடலஸுக்கு என்ன வயதோ அதுவே வாக்கியங்களுக்கும் வயது. படுக்கை நனைந்தால் முதலில் சூடாகவும் பிறகு சில்லென்றும் இருக்கும் என்ற குழந்தையின் அறிவுக்கு மேல் முதல் பக்கத்தில் ஜாய்ஸ் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. ஸ்டீபனின் வீட்டில் வசிக்கும் டான்டி என்ற பெண்மணி வைத்திருக்கும் இரண்டு பிரஷ்களில் பச்சை வெல்வெட் போர்த்தியது, அயர்லாந்தின் தன்னாட்சிக்காகப் போராடிய தலைவர் பார்னெலுக்கானது. ஒருநாள் அவள் அந்த வெல்வெட்டைக் கத்தரிக்கோலால் கிழித்துவிட்டு, பார்னெல் கெட்டவர் என்கிறாள். அயர்லாந்தையே பிளந்த அரசியல், காரணம் புரியாத குழந்தையின் கண் வழியே இவ்வளவாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது; அதன் உக்கிரம் முழுவதும் கிறிஸ்துமஸ் விருந்துச் சண்டையில்தான் வெடிக்கிறது.

க்ளாங்கோஸ் பள்ளியில், மூக்குக்கண்ணாடி உடைந்ததால் எழுத முடியாத சிறுவனை, சோம்பேறி என்று பாதிரியார் டோலன் அடிக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். வீங்கிய தன் கைகளை, வேறு யாருடைய கைகளோ என்பதுபோல எண்ணி அவன் இரக்கப்படுகிறான். ஜாய்ஸ் பாதிரியாரைக் கண்டித்து ஒரு வரியும் எழுதவில்லை. நரகம் பற்றிய பிரசங்கம் மிக நீளம் என்று குறை சொல்வார்கள். பதினாறு வயதுப் பையனை அச்சத்தால் மண்டியிடவைக்க அவ்வளவு நீளமும் தேவை என்றே கருதுகிறேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில், விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலை ஸ்டீபன் ‘டன்டிஷ்’ என்கிறான். ஆங்கிலேயரான கல்லூரி டீன் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. தான் பேசும் மொழி முதலில் அவருடையது, பிறகே தன்னுடையது என்று மனம் குன்றுகிறான் அவன். அதுவரை ‘அவன்’ என்றே நடந்த கதை, இறுதியில் அவன் எழுதும் நாட்குறிப்பாகி ‘நான்’ என்று பேசத் தொடங்குகிறது. அங்கே ஏப்ரல் 13 அன்று அவன் எழுதுகிறான்: அகராதியில் தேடிப் பார்த்ததில், டன்டிஷ் கலப்பில்லாத பழைய ஆங்கிலச் சொல்லாகவே இருந்ததாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.