அவரைப் பக்தராக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெரியாரைப் பற்றி இரண்டு வாசகர் கடிதங்கள் படித்தேன். சாமியே இல்லை என்றவரைச் சாமி கும்பிடுகிறவர்கள் எதற்கு நினைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் அவரைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, 'அவரும் உள்ளுக்குள் பக்தர்தான், குன்றக்குடி மடத்தில் திருநீறு பூசிக்கொண்டாரே' என்று எழுதியிருந்தார். முதல் கடிதத்தை விட இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது.

நான் கொடுமுடிக்காரி. மகுடேசுவரரைக் கும்பிட்டு வளர்ந்தவள். ஈரோடு பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் நட்டால் போய்த் தண்ணீர் ஊற்றாமல் இருந்ததில்லை. 'கடவுளை வணங்குகிறவன் காட்டுமிராண்டி' என்று பெரியார் சொன்னது என்னையும் சேர்த்துத்தான். சிலைப் பீடங்களில் அதைப் படிக்கும்போதெல்லாம் வலிக்கத்தான் செய்கிறது. 1953-ல் பிள்ளையார் சிலைகளை உடைத்ததும், 1971-ல் சேலத்தில் ராமர் படத்தை அவமதித்த ஊர்வலமும் எனக்கு இன்றுவரை சம்மதமில்லை. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, அந்த ஊர்வலத்தைச் சாகும்வரை மன்னிக்கவில்லை.

அதே அப்பாரு காலமானதும் என் அத்தைகள் இரண்டு பேரும், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள். ஆளுக்கொரு சேலை எடுத்துக் கொடுத்ததோடு பிறந்த வீட்டு உரிமை முடிந்துபோனது. பெரிய அத்தை கடைசிக் காலத்தில் கூலிக்குக் களை வெட்டினார், அதுவும் தன் அப்பன் காட்டிலேயே. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

என் காலத்தில் அப்படி ஆகவில்லை. எனக்குக் கல்யாணம் 1992-ல். அப்பா பாகம் பிரிக்கும்போது, சீர் செய்தாச்சு, பொட்டப்பிள்ளைக்குக் காடு எதுக்கு என்று பங்காளிகள் சத்தம் போட்டார்கள். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "சட்டம் வந்திருச்சு, அதுக்கும் பங்கு உண்டு" என்று மட்டும் சொன்னார். ஒன்றரை ஏக்கர் மஞ்சள் காடும் கிணற்றில் பங்கும் என் பெயருக்கு வந்தன. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது அந்தக் காடுதான். அப்பா சொன்ன சட்டம் 1989-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு என்றது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. ஆனால் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-ல். அறுபது வருடம் முன்னால்!

அம்மாவைப் பெற்ற எங்கள் ஆத்தா முப்பது வயதில் தாலி அறுத்து, சாகும்வரை வெள்ளைச் சேலையோடு ஒதுங்கியே நின்றவர். நான் இன்று கலர் சேலை கட்டிக்கொண்டு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன், யாரும் தடுப்பதில்லை. தன் சகோதரி மகள் சிறுமியாகவே விதவையானபோது, வீட்டார் எதிர்ப்பை மீறி அந்தக் காலத்திலேயே மறுமணம் செய்துவைத்தவர் பெரியார்.

கோயில் விஷயத்துக்கும் வருகிறேன். ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்தவர் அவர். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று போராடி இரண்டு முறை சிறை போனார். மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கூடப் போய்ப் போராடினார்கள். தெருவில் நடக்கக்கூட விடாமல் நிறுத்தப்பட்டவர்களும் சாமி கும்பிடுகிறவர்கள்தானே. அவர்களுக்காக நம் பக்தர்களில் எத்தனை பேர் அன்று சிறை போனார்கள் என்று நினைத்தால் எனக்குத் தலை குனிகிறது.

சரி, திருநீறு. குன்றக்குடி மடத்துத் தலைவர் அடிகளார் கொடுத்தபோது வாங்கிக்கொண்டது, விருந்துக்குப் போன வீட்டில் காட்டுகிற மரியாதை. அதை வைத்து அவரைப் பக்தராக்குவது, அவர் வாழ்நாளெல்லாம் சொன்னதைப் பொய்யாக்குவது. ராஜாஜியைப் பாருங்கள். சேலம் நகராட்சிக்கு அவர் தலைவர், ஈரோடு நகராட்சிக்கு இவர் தலைவர் என்ற காலத்திலிருந்து பழக்கம். ஒருவர் கடைசிவரை பெருமாள் பக்தர், மற்றவர் கடைசிவரை நாத்திகர். அரசியலிலும் எதிரெதிரே நின்றவர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜியின் தகனத்தில் பெரியார் தேம்பி அழுதார். அழுதவரும் பக்தராகவில்லை, போனவரும் நாத்திகராகவில்லை.

அப்புறம், ஈரோட்டிலேயே பிறந்த கணித மேதை ராமானுஜன். நாமக்கல் நாமகிரித் தாயார்தான் தனக்குக் கணக்கைத் தருகிறாள் என்று நம்பியவர். 1914-ல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி கடவுள் நம்பிக்கை துளியும் இல்லாதவர். தாயாரின் பிள்ளைக்கு உலக வாசலைத் திறந்துவிட்டவர் ஒரு நாத்திகர். நாமக்கல் போகும்போதெல்லாம் தாயார் சன்னதியில் எனக்கு இந்த நினைப்பு வரும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்தில் இன்றும் பெண்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். போன மாதம்கூடப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, "அண்ணன் கோவிச்சுக்கும், பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. பெரியாரைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, அந்தச் செங்கல்பட்டுத் தீர்மானத்தையும் 1989 சட்டத்தையும் ஒரு பக்கத்தில் எளிமையாகப் போடுங்கள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொடுமுடி