செப்பு அண்டா

கண்ணு,

நீ கேட்ட செப்பு அண்டாவை அட்டாலியிலிருந்து இறக்கிப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் புது வீட்டு முன்னறையில் வைத்து, ‘எங்க முன்னோர் பெரிய வியாபாரி’ என்று வருகிறவர்களிடம் சொல்லப் போவதாகச் சொன்னாய். தாராளமாகச் சொல்லு. என்ன வியாபாரம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு சொல்லு. என் அப்பாவைப் பெற்ற அப்பாரு இதை வாயே திறந்ததில்லை. ஆத்தாதான் கடைசிக் காலத்தில் எனக்குச் சொன்னாள்.

அந்த வியாபாரி அப்பாருவுக்குத் தாத்தா. அவருடைய அப்பன் பொதிமாடு ஓட்டியவர். இங்கிருந்து புகையிலை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளத்துக்கு. வரும்போது பாக்கும் கொப்பரையும். 1850-களின் தொடக்கம் வரை மலபாரில் புகையிலை விற்கும் உரிமை கம்பெனிக்காரனுக்கு மட்டும்தான். ஆக, நம் வீட்டு முதல் காசு கள்ளச்சரக்கில்தான் வந்திருக்கும். இதைச் சொல்லும்போது ஆத்தா சிரித்தாள். எனக்கும் இதில் வெட்கமொன்றுமில்லை.

மகன் மாட்டை விட்டுத் தராசைப் பிடித்தார். காங்கயத்தில் உப்பு, கருப்பட்டி, விளக்கெண்ணெய்க் கடை. சந்தைக்குச் சந்தை பருத்தி கொள்முதல். 1862-ல் ரயில் ஈரோட்டைத் தாண்டிப் போத்தனூருக்கு ஓடியது. அதே சமயம் நீ இருக்கிற தேசத்தில் உள்நாட்டுச் சண்டை. அங்கிருந்து பஞ்சு வராமல் இங்கிலாந்து மில்காரர்கள் திண்டாட, நம் செம்மண் காட்டு நாடம் பருத்திக்குக்கூட விலை எகிறியது. உங்க ஊர்ச் சண்டைதான் நம் திண்ணைக்குக் கல் போட்டது! 1865-ல் சண்டை ஓய்ந்து விலை விழுந்ததும், அடி வாங்கியவர் கம்பு சோளத்துக்கு மாறினார்.

அவருடைய கணக்கோலைக் கட்டு கல்லாப்பெட்டியில் இருக்கிறது. கால் என்பதற்கு ‘வ’ மாதிரி ஒரு குறி, இருபதில் ஒரு பங்கான மாவுக்கு ஒன்று, எண்பதில் ஒரு பங்கான காணிக்கு ஒன்று. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எல்லாம் வள்ளம், படி என்று தானிய அளவும் வட்டியும்தான். நடுவில் பத்து ஓலை மட்டும் வேறு தினுசு. தலையில் ‘தாது வருஷம்’ என்று கீறியிருக்கிறது.

அது தாது வருஷப் பஞ்சம். 1876-ல் இரண்டு மழையும் பொய்த்தது. கொழுக்கட்டைப்புல் கருகி, மாடுகள் பட்டியிலேயே விழுந்ததாக ஆத்தா கேள்விப்பட்டிருக்கிறாள். ரயில்தான் இருந்ததே, தானியம் வந்திருக்காதா என்பாய். எங்கே விலை ஏறியதோ அங்கே தானியத்தைக் கொண்டுபோனதும் அதே ரயில்தான். வியாபாரிகள் காரியத்தில் சர்க்கார் குறுக்கே வரக்கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. அந்த வியாபாரிகளில் நம்மவர் ஒருவர்.

அந்தப் பத்து ஓலையில் காசுக் கணக்கே இல்லை. ‘அண்டா ஒண்ணு, கம்பு நாலு வள்ளம்.’ ‘தாலிக்குண்டு ரெண்டு, சோளம் ஆறு வள்ளம்.’ ‘கலப்பைக் கொழு ஒண்ணு, கம்பு ரெண்டு படி.’ கொழுவையும் கொடுத்துவிட்டவன் அடுத்த மழைக்கு எதைக் கொண்டு உழுதிருப்பான்? அடகைத் திருப்பினால் அந்த வரியில் குறுக்கே ஒரு கீறல் போடுவார். பத்து ஓலையிலும் தேடினேன், மூன்றே கீறல். மற்றவர்கள் செத்தார்களோ, இலங்கையில் கண்டிச்சீமைக் காப்பித் தோட்டத்துக்குப் போனார்களோ. நம் தோட்டத்துக் கிணறு அதற்கடுத்த வருஷங்களில் வெட்டியது. அந்தத் தோட்டத்தை விற்றுத்தான் உன்னைப் படிக்க அனுப்பினேன்.

விளக்கும்போதுதான் கவனித்தேன். அண்டாவின் கழுத்துக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய ஒரு பேர். பொம்பளைப் பேர். நம் வீட்டில் அந்தப் பேரில் யாரும் இருந்ததில்லை. என்ன பேர் என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை, நீயே பார்த்துக்கொள். அந்த அண்டாவில்தான் என் அம்மா உனக்கு முதல் தண்ணீர் காய்ச்சி ஊற்றினாள்.

வளையம் ஆடிக்கொண்டிருந்தது, பட்டறையில் கொடுத்திருக்கிறேன். அந்தப் புள்ளிகளையும் தேய்த்து வழவழப்பாக்கித் தரட்டுங்களா என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன்.

பார்சல் கூலி ஏகத்துக்குக் கேட்கிறார்கள். தைப்பொங்கலுக்கு வந்தால் நீயே எடுத்துக்கொண்டு போகிறாயா? அம்மா உனக்குக் கம்பு மாவு அரைத்து வைத்திருக்கிறாள்.

அப்பா